ஏழு வாரக் குழந்தையிடம் அப்பா எப்படி ஒட்டுவது, என்ன பேசுவது?

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கும் தம்பியின் கேள்வி இது. மனைவி தலைப்பிரசவத்துக்குக் கோபி பக்கம் அம்மா வீட்டில் இருக்கிறார். பெண் குழந்தை, ஏழு வாரம் ஆகிறது. இவர் சனிக்கிழமை ராத்திரி வேலை முடித்துப் போய் ஞாயிறு சாயங்காலம் திரும்புகிறார். இவர் தூக்கினால் குழந்தை அழுகிறது, மாமியார் வாங்கினால் அடங்கிவிடுகிறது. "பேச ஆரம்பிச்சா அப்பங்கிட்டத் தானா வந்து ஒட்டிக்கும்" என்று வீட்டில் சொல்கிறார்கள். அத்தனை பேர் முன்னால் குழந்தையிடம் பேசக் கூச்சமாக இருக்கிறது, என்ன பேசுவது என்றும் தெரியவில்லை. கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "எல்லாரும் சொல்ற மாதிரி பாசம் பொங்கி வரலை, எனக்கு ஏதாவது கோளாறா?"

நான் ஈரோட்டில் குழந்தை மருத்துவராக இருக்கிறேன். கொங்கு நாட்டில் தலைப்பிரசவம் அம்மா வீட்டில் என்கிற வழக்கம் இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை. கட்டுச்சோறு விருந்து முடிந்து பெண் பிறந்த வீட்டுக்குப் போனால், குழந்தைக்கு மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆன பிறகுதான் புருஷன் வீட்டுக்கு வருகிறார். அதுவரை அப்பா அந்த வீட்டில் மாப்பிள்ளை, அதாவது விருந்தாளி. இலை போட்டு, கோழி அடித்து, குறைவில்லாமல் கவனிப்பார்கள். குழந்தையை மட்டும் கொஞ்ச நேரம் கையில் கொடுத்துவிட்டு, அது சிணுங்கியதும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். இதே நிலையில் இருந்துகொண்டு வாய் திறந்து கேட்காத அப்பாக்கள் நிறையப் பேர் உண்டு என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கடைசி வரிக்கு முதலில் பதில். கோளாறு எதுவும் இல்லை தம்பி. குழந்தையைப் பார்த்த நொடியில் பாசம் பொங்குவது சிலருக்கு நடக்கும், பலருக்கு நடக்காது. பெற்ற தாய்மார்களிலேயே பலருக்கு அது நாள் கழித்துத்தான் வரும், வெளியில் சொல்லமாட்டார்கள். அப்பாவுக்கு அது வருகிற வழி குழந்தைக்குச் செய்யும் வேலை. கழுவி விடுவது, ஏப்பம் விட வைப்பது, குளிக்கத் தண்ணீர் ஊற்றுவது, ராத்திரி தோளில் போட்டுக்கொண்டு நடப்பது. பாசம் வந்த பிறகு இதையெல்லாம் செய்யலாம் என்று காத்திருந்தால் மாதங்கள் போய்விடும். செய்ய ஆரம்பியுங்கள், அது வேலைக்குள்ளேயே வரும்.

இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. ஆண் உடம்பு குழந்தையின் அருகில் இருக்க இருக்க மாறுகிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். பிலிப்பைன்ஸில் செபு என்ற ஊரில் அறுநூறுக்கு மேற்பட்ட இளைஞர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில், அப்பா ஆனவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் நன்றாகக் குறைந்திருந்தது. அவர்களிலும், தினமும் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைக் கவனித்தவர்களுக்கு அது இன்னும் குறைவாக இருந்தது. இஸ்ரேலில் ரூத் ஃபெல்ட்மன் என்ற அம்மையாரின் குழு முதல் குழந்தை பெற்ற தம்பதிகளிடம் ஆக்சிடோசினை அளந்தது. பிரசவத்தோடும் தாய்ப்பாலோடும் நாம் சேர்த்துப் பேசுகிற அதே ஹார்மோன். ஆறு வாரத்திலும் ஆறு மாதத்திலும் அப்பாக்களின் அளவு அம்மாக்களின் அளவுக்குக் குறையவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்த அப்பாக்கள் குழந்தையோடு ஒரே வீட்டில் இருந்தவர்கள். வாரத்துக்கு ஒரு நாள் போகிறவருக்கு அது மெதுவாக நடந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

குழந்தையின் பக்கத்திலிருந்தும் பாருங்கள். வயிற்றில் இருக்கும்போதே, ஏறத்தாழ ஆறாவது மாதத்திலிருந்து அதற்குக் காது கேட்கிறது. அம்மாவின் குரல் காற்றில் வருவதோடு உடம்பின் வழியாகவும் உள்ளே போகிறது. அப்பாவின் குரல் வெளியிலிருந்து வருகிற பல குரல்களில் ஒன்று. 1980-ல் அமெரிக்காவில் டிகேஸ்பர், ஃபைஃபர் என்ற இருவர் பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளின் வாயில் ரப்பர் காம்பை வைத்து, அவை சப்புகிற விதத்துக்கு ஏற்ப அம்மா குரலோ வேறு பெண்ணின் குரலோ கேட்கும்படி செய்தார்கள். குழந்தைகள் அம்மா குரலை வரவழைக்கும்படி சப்பும் விதத்தை மாற்றிக்கொண்டன. 1984-ல் அப்பாக்களின் குரலை வைத்துச் செய்தபோது, இரண்டு ஆண் குரல்களுக்கு வித்தியாசம் அவற்றுக்குத் தெரிந்தது, ஆனால் அப்பா குரல்தான் வேண்டும் என்ற விருப்பம் தெரியவில்லை. ஆக, அப்பாவின் குரல் பிறந்த பிறகு பழகவேண்டிய குரல். உங்கள் மகளுக்கு அதைக் கேட்க இதுவரை சில ஞாயிற்றுக்கிழமைகள்தான் கிடைத்திருக்கின்றன.

"பேச ஆரம்பிச்சா தானா ஒட்டிக்கும்" என்பதை நான் ஏற்கவில்லை. 1964-ல் கிளாஸ்கோ நகரில் ஷாஃபர், எமர்சன் என்ற இருவர் அறுபது குழந்தைகளை வீடு வீடாகப் போய்த் தொடர்ந்து பார்த்தார்கள். ஒன்றரை வயதுக்குள் நான்கில் மூன்று குழந்தைகளுக்கு அப்பாவோடும் நல்ல ஒட்டுதல் வந்திருந்தது. யாரிடம் ஒட்டுகிறது என்பதைத் தீர்மானித்ததில் பாலூட்டியவர் யார், நாள் முழுக்கப் பக்கத்தில் இருந்தவர் யார் என்பது முதல் இடத்தில் இல்லை. குழந்தை ஒரு சைகை காட்டினால் யார் உடனே புரிந்து பதில் கொடுத்தார்களோ அவர்களிடம் ஒட்டியது. நேரம் குறைவாக இருக்கிறவருக்கு இது நல்ல செய்தி. ஆனால் அந்தக் குறைந்த நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும், கையில் செல்போன் இருக்கக்கூடாது.

சரி, நீங்கள் தூக்கினால் ஏன் அழுகிறது? முதல் காரணம், உங்கள் குழந்தை அழுகிற வயதில் இருக்கிறது. இரண்டாவது வாரத்திலிருந்து அழுகை ஏறிக்கொண்டே போய், ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்கு வந்து, மூன்று நான்கு மாதத்துக்குள் இறங்கிவிடும். பிரேசில்டன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 1962-லேயே இதைக் குறித்து வைத்தார். அதிலும் சாயங்காலமும் முன்னிரவும்தான் மோசம். நீங்கள் போய்ச் சேருவது அந்த நேரத்தில். தூங்குகிற குழந்தையை ஆசையில் தொட்டு எழுப்பினாலோ, பசித்துக் கையைச் சூப்பிக்கொண்டிருக்கும்போது தூக்கினாலோ, யார் தூக்கினாலும் அது அழும். உங்களிடம் பால் வாசனை கிடையாது, அவ்வளவுதான்.

தெளிந்து முழித்திருக்கும் நேரம் என்று ஒன்று உண்டு. வயிறு நிறைந்து, ஏப்பம் விட்டு, கண் பளிச்சென்று திறந்து, கை கால் ஆட்டம் குறைந்து, முகத்தைத் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கும். ஏழு வாரத்தில் ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் அப்படி இருந்தாலே பெரிது. பேச்சு, விளையாட்டு, பழக்கம் எல்லாம் அந்த நேரத்தில்தான் நடக்கும். எந்த நேரத்தில் இப்படி முழித்திருக்கிறாள் என்று மனைவியிடம் கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும். பல வீடுகளில் அது விடியற்காலையாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை என்று எட்டு மணிவரை தூங்காமல் அந்த நேரத்தில் எழுந்து நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். மனைவிக்கும் கொஞ்சம் தூக்கம் கிடைக்கும்.

தூக்குகிற விதமும் முக்கியம். புதிதாகத் தூக்கும் ஆண்கள் பயத்தில் கையை விறைப்பாக நீட்டி, உடம்பிலிருந்து தள்ளிப் பிடிப்பார்கள். குழந்தைக்கு அது அந்தரத்தில் தொங்குகிற மாதிரி இருக்கும். ஒரு கை கழுத்தும் பின்தலையும், இன்னொரு கை புட்டம். நேராக நெஞ்சோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் வந்த சட்டையோடு தூக்கவேண்டாம். பனியன் கம்பெனிக்காரர்களின் தலைமுடியிலும் சட்டையிலும் பஞ்சுத் தூசி இருக்கும், கோழிப்பண்ணையில் வேலை என்றால் வேறு அழுக்கு. தலைக்குக் குளித்து, சென்ட் எதுவும் போடாமல், துவைத்த துணியோடு வாருங்கள். சிகரெட் பழக்கம் இருந்தால், வெளியில் போய்ப் பிடித்துவிட்டு வந்தாலும் அது உடம்பிலும் மூச்சிலும் ஒட்டிக்கொண்டுதான் வரும். பழக்கத்தை விட்டுவிட இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

சட்டையைக் கழற்றிவிட்டு வெறும் நெஞ்சில் குழந்தையைப் போட்டுக்கொள்வதை எல்லா அப்பாக்களுக்கும் சொல்கிறேன். நம் பக்கம் வீட்டில் வேட்டியும் துண்டுமாக உட்காருவது சாதாரணம், அதனால் இதில் சங்கடம் ஒன்றும் இல்லை. குழந்தைக்கு டயாபர் அல்லது துணி மட்டும் இருக்கட்டும். தோலோடு தோல் படும்படி நெஞ்சில் சாய்த்து, முதுகுக்கு ஒரு மெல்லிய துணி போர்த்துங்கள். முகம் ஒரு பக்கம் திரும்பி மூக்கு மூடாமல் இருக்கவேண்டும். கங்காரு பராமரிப்பு என்று எடை குறைந்த குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரிகளில் செய்வது இதுதான். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978-ல் எட்கர் ரே என்ற மருத்துவர் இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கி வைத்தது, இன்று உலகம் முழுக்க நடக்கிறது. அம்மா முடியாமல் இருக்கும்போது அப்பாவின் நெஞ்சில் போடுகிறோம். சிசேரியன் ஆன பிறகு முதல் இரண்டு மணி நேரம் அப்பாவின் நெஞ்சில் இருந்த குழந்தைகள் தொட்டிலில் கிடந்த குழந்தைகளைவிடக் குறைவாக அழுதன, சீக்கிரம் அமைதியாயின என்று ஸ்வீடனில் 2007-ல் வந்த ஆய்வு சொன்னது. இப்படி வைத்திருக்கும்போது பேசினால் உங்கள் கனத்த குரல் நெஞ்சின் அதிர்வாகவும் அதற்குப் போய்ச் சேரும். நீங்கள் முழித்து உட்கார்ந்திருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள். கண் சொருகினால் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்துவிடுங்கள். சோபாவில் குழந்தையை மேலே போட்டுக்கொண்டு அப்பா தூங்கிப்போவதும், குடித்துவிட்டுக் குழந்தையின் பக்கத்தில் படுப்பதும் உயிருக்கே ஆபத்து.

இப்போது வேலைக்கு வருகிறேன். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் ஒத்தாசை செய்வதைவிட, ஒரு வேலையை முழுக்க உங்கள் வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அந்த வீட்டில் இருக்கிற நேரம் முழுக்க அது உங்களுடையது. பால் குடித்த பிறகு ஏப்பம் விட வைப்பது நல்ல ஆரம்பம். பாலூட்டுவது அம்மா என்றாலும், அடுத்த நிமிடம் குழந்தை உங்கள் தோளுக்கு வரும், வயிறு நிறைந்த திருப்தியோடு வரும். அப்பா தோள் என்றால் நிம்மதி என்று அது பழக இதைவிட நல்ல நேரம் இல்லை. இன்னொன்று, நனைந்த துணி மாற்றுவது. நேருக்கு நேர் முகம் பார்க்க, ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தை சொல்ல, அதில் வாய்ப்பு இருக்கிறது.

தண்ணீர் ஊற்றுவது இன்னும் பெரிய விஷயம். நம் ஊரில் அது அம்மாயியின், அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டியின் ராஜ்யம். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கணுக்கால் மேல் போட்டு, பாட்டிமார்கள் செய்கிற லாவகத்தை நான் மதிக்கிறேன். கேட்டால் "ஏனுங்க மாப்ள, உங்குளுக்கு எதுக்குங்க இந்த வேலையெல்லாம், நீங்க போய் உக்காருங்க" என்பார்கள். கோபமில்லை, மரியாதைதான். "எனக்கும் சொல்லிக் குடுங்க அத்தை, அப்பறம் எங்கூட்டுக்கு வந்தா நாந்தானே ஊத்தோணும்" என்று சொல்லிப் பாருங்கள். மருமகன் கற்றுக்கொள்ளக் கேட்டால் சொல்லிக்கொடுக்காத மாமியார் குறைவு. முதல் வாரம் பக்கத்தில் உட்கார்ந்து வெந்நீர் பதம் பாருங்கள், அடுத்த வாரம் தேங்காயெண்ணெய் தடவிவிடுங்கள், பிறகு ஊற்றுங்கள். எண்ணெய் தடவும்போது அமுக்கவேண்டாம், உள்ளங்கை வழுக்கிக்கொண்டு போனால் போதும்.

அங்கே இருக்கும்போது சில பழக்கங்களை நிறுத்துகிற பொறுப்பும் அப்பாவுக்கு உண்டு. காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவது, வாயை வைத்து ஊதுவது, மூக்கை நீவுவது, மார்பைப் பிதுக்குவது, வசம்பு உரைத்துப் புகட்டுவது, நாக்கில் தேன் வைப்பது, தெருவில் வருகிற கழுதைப்பாலை வாங்கி ஊற்றுவது, இவை எதுவும் வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தேன் ஒரு வயது வரை கிடையாது. மனைவி சொன்னால் அம்மாவோடு சண்டை வரும். "டாக்டர் வேண்டான்னு சொன்னாருங்க அத்தை" என்று நீங்கள் சொன்னால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இனி, என்ன பேசுவது? ஏழு வாரக் குழந்தையோடு நடக்கிற பேச்சில் சொல் பாதிதான். மீதிப் பாதி நிறுத்தம். முகத்தை ஒரு சாண் தள்ளியோ அதற்கும் கொஞ்சம் கூடுதலாகவோ வையுங்கள், இந்த வயதில் அந்தத் தூரம்தான் அதற்குத் தெளிவாகத் தெரியும். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும். "என்னுங்க சாமி, தூங்கி எந்திருச்சீங்களா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். உங்களுக்கு நீண்ட நேரமாகத் தோன்றும். குழந்தை முதலில் கண்ணைப் பார்க்கும், பிறகு புருவம் ஏறும், வாய் குவியும், கால் உதைக்கும், நாக்கு வெளியே வரும், கடைசியில் "ங்ஙா" என்று ஒரு சத்தமோ வெறும் மூச்சோ வரும். அதுதான் பதில். உடனே "அப்படீங்களா!" என்று நீங்கள் அதற்குப் பதில் சொல்லுங்கள். மறுபடி காத்திருங்கள். பெரியவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறுகிறோம். குழந்தை பதிலைத் திரட்டி வாய் திறப்பதற்குள் அடுத்தடுத்துப் பேசி, கிலுகிலுப்பையை ஆட்டி, கன்னத்தைக் கிள்ளி, அதன் முறையை நாமே எடுத்துக்கொள்கிறோம்.

இப்படி மாறி மாறிப் பேசிக்கொள்வதைக் குழந்தை எவ்வளவு எதிர்பார்க்கிறது என்பதை எட் ட்ரானிக் என்ற உளவியலாளர் 1970-களில் காட்டினார். சிரித்துப் பேசிக்கொண்டிருந்த அம்மாவை, திடீரென்று முகத்தை அசைக்காமல் குழந்தையையே வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, சத்தம் போடுகிறது, பலனில்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறது. பிற்பாடு அப்பாக்களை வைத்துச் செய்தபோதும் குழந்தைகள் இப்படித்தான் தவித்தன. மடியில் குழந்தையும் கையில் செல்போனுமாக உட்கார்ந்திருக்கிற அப்பாவின் முகம், குழந்தைக்கு அந்த அசையாத முகம்தான். ஷிப்மெண்ட் மெசேஜ் ஒரு மணி நேரம் காத்திருக்கட்டும்.

குரலைப் பற்றி. இழுத்து, ஏற்றி இறக்கி, பாட்டு மாதிரி பேசினால் குழந்தைகள் கூடுதலாகக் கவனிக்கின்றன என்பது பல மொழிகளில் உறுதியான விஷயம். நம் கொங்குப் பேச்சுக்கு இழுவை தானாகவே இருக்கிறது. "ஏஞ்சாமீ", "வாங்க கண்ணு", "அப்பா வந்துட்டனுங்க" என்று பாட்டி எப்படிக் கூப்பிடுகிறாரோ அப்படிக் கூப்பிட்டால் போதும், டிவியில் வருகிற மாதிரி மழலை பேசவேண்டாம். கூச்சம் போக ஒரே வழி, முதலில் தனியாக ஆரம்பிப்பது. விடியற்காலையில் திண்ணையிலோ தென்னை மரத்தடியிலோ அவளும் நீங்களும் மட்டும் இருக்கும்போது பேசிப் பழகுங்கள். விஷயம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. செய்கிற வேலையைச் சொல்லுங்கள்: "இப்பத் துணி மாத்தறோம், காலைத் தூக்கறோம்." வாரம் முழுக்க நடந்ததைச் சொல்லுங்கள், எந்த ஆர்டர் போச்சு, எந்தச் சாயம் சரியாக வரலை என்று. பாடத் தெரிந்தால் பாடுங்கள், ஒரே பாட்டை ஒவ்வொரு வாரமும். திரும்பத் திரும்ப வருவதுதான் அதற்குப் பிடிக்கும். நாக்கை மெதுவாக நீட்டிக் காட்டுங்கள். பிறந்த குழந்தையே அதைப் பார்த்துத் திருப்பிச் செய்யும் என்று 1977-ல் மெல்ட்ஸாஃப், மூர் எழுதினார்கள், பின்னால் வந்த சில ஆய்வுகள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. உங்கள் மகள் திருப்பிச் செய்கிறாளோ இல்லையோ, உங்கள் முகத்தைக் கண் கொட்டாமல் பார்ப்பாள்.

போதும் என்று அது சொல்வதையும் படிக்கத் தெரியவேண்டும். கண்ணைத் திருப்புவது, கொட்டாவி, விக்கல், விரல்களை விரித்து நீட்டுவது, முதுகை வளைப்பது எல்லாம் "கொஞ்சம் பொறுங்க" என்பதற்கான சைகை. முகத்தைத் திருப்பினால் பிடிக்கவில்லை என்று நினைத்துக் குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிடுகிறார்கள் பல அப்பாக்கள். அப்படியே வைத்துக்கொண்டு சும்மா இருங்கள், பேச்சை நிறுத்துங்கள். பல தடவை அதுவே திரும்பி உங்களைப் பார்க்கும். பார்க்கவில்லை என்றால் பசியோ தூக்கமோ. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தறிச் சத்தத்தில் பேசிப் பழகியதால் உங்கள் சாதாரணக் குரலே பெரிதாக இருக்கும், குழந்தை திடுக்கிடும். தறி ஓடுகிற இடத்துக்குப் பக்கத்து அறையில் பேசினால் உங்கள் சொல்லும் அதற்குச் சரியாகப் போய்ச் சேராது. வெளியே தூக்கிக்கொண்டு போய் மெதுவாகப் பேசுங்கள்.

அழுகை நிற்கவே இல்லை, கோபம் தலைக்கேறுகிறது என்றால் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, இன்னொருவரிடம் சொல்லிவிட்டு வெளியே போய் மூச்சு வாங்குங்கள். எந்தக் காரணத்துக்கும் உலுக்கக்கூடாது. கழுத்து நிற்காத குழந்தையின் மூளையில் ரத்தம் கசிந்துவிடும், உயிர் போகலாம், பார்வை போகலாம். தூக்கிப் போட்டுப் பிடிக்கிற விளையாட்டும் வேண்டாம்.

வாரம் ஒரு நாள்கூடப் போக முடியாதவர்கள் நம் பகுதியில் ஏராளம். ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வடநாட்டுக்குப் போகிறவர்கள் மாதக் கணக்கில் வருவதில்லை, நாமக்கல் லாரிக்காரர்களுக்கும் அதே நிலைதான். இவர்கள் தினமும் ஒரே நேரத்தில், குழந்தை தெளிந்து முழித்திருக்கும் நேரமாகப் பார்த்து, போன் போடவேண்டும். இரண்டு மூன்று மாதக் குழந்தைக்கு வீடியோவில் முகம் பெரிதாகப் பிடிபடாது, குரல் பிடிபடும். மனைவி ஸ்பீக்கரில் போட்டு, குழந்தை சத்தம் கொடுக்கும்போது "அப்பா பேசறாங்க பாரு" என்று சேர்ந்து பேசினால் இன்னும் நல்லது. ஒன்றரை வயதுக்குள் திரை வேண்டாம் என்று சொல்கிற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே குடும்பத்தாரோடு பேசும் வீடியோ காலுக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருக்கிறது.

அப்படிப் போய்விட்டுத் திரும்புகிற அப்பா, குழந்தைக்கு எட்டு ஒன்பது மாதம் ஆன சமயத்தில் வந்தால் இன்னும் பெரிய சோதனை. அந்த வயதில்தான் வேற்று முகம் கண்டு அழும். வாசலில் வந்ததும் ஆசையாக வாங்கப் போவார், அது வீறிட்டு அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைக்கும், அவருக்கு நெஞ்சு விட்டுப்போகும். அது மூளை சரியாக வளர்வதற்கான அடையாளம் என்று நான் சொன்னாலும் அந்த நேரத்தில் வலிக்கத்தான் செய்யும். செய்யவேண்டியது இதுதான்: தூக்கப் போகாதீர்கள். கொஞ்சம் தள்ளித் தரையில் உட்காருங்கள், குழந்தை அம்மா இடுப்பிலேயே இருக்கட்டும். நீங்கள் அம்மாவோடு சிரித்துப் பேசுவதை அது பார்க்கட்டும். ஒரு கிண்ணத்தையோ டம்ளரையோ எடுத்துத் தட்டிக்கொண்டிருங்கள், குழந்தையை உற்றுப் பார்க்கவேண்டாம். அன்று சாயங்காலமோ மறுநாளோ அது தவழ்ந்து வந்து அந்த டம்ளரைப் பிடுங்கும். அப்போதுகூடச் சட்டென்று தூக்காமல் இன்னொரு டம்ளரைக் கொடுங்கள்.

உங்கள் மகள் இந்த வாரங்களில் முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பிப்பாள், ஏற்கெனவே சிரித்திருக்கலாம். நான்கு மாதத்தை ஒட்டிச் சத்தமாகச் சிரிப்பாள், ஆறு மாதத்துக்கு மேல் "பபப, மமம" வரும், ஒரு வயதுக்குள் விரலை நீட்டிக் காட்டுவாள். மூன்று மாதம் ஆகியும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, பெரிய சத்தத்துக்கும் திடுக்கிடவில்லை என்றால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். பிறந்ததும் காது பரிசோதனை செய்தார்களா என்று டிஸ்சார்ஜ் காகிதத்தில் பாருங்கள், இல்லையென்றால் இப்போதே செய்துவிடலாம்.

உங்கள் மனநிலையைப் பற்றி இன்னொன்று. பாசம் மெதுவாக வருவது இயல்பு. ஆனால் தூக்கமே வராமல், எதற்கெடுத்தாலும் எரிச்சலாக, வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகப் பிடிக்காமல், குடி கூடிக்கொண்டே போய், இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். பிரசவத்துக்குப் பிறகு அம்மாக்களுக்கு வருவது போல அப்பாக்களிலும் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு வருகிறது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு இலவசமாகப் போன் செய்து தமிழிலேயே பேசலாம். மனைவியிடம் இந்த அறிகுறிகள் தெரிந்தால், "பச்சை உடம்புக்காரி அப்படித்தான் இருப்பா" என்று விடாமல் நீங்களே டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

லீவு பற்றி. மத்திய அரசு ஊழியர் என்றால் அப்பாவுக்கு 15 நாள் விடுப்பு உண்டு, குழந்தை பிறந்து ஆறு மாதத்துக்குள் எடுத்துக்கொள்ளலாம். தனியார் கம்பெனிகளுக்கு அப்படிச் சட்டம் இல்லை, முதலாளியைக் கேட்டுத்தான் வாங்கவேண்டும். கேளுங்கள். பெருமாநல்லூர், குன்னத்தூர் வழியாகக் கோபி ஒன்றும் தூர தேசம் இல்லை. வாரத்தின் நடுவில், புதன்கிழமை மாதிரி, ஒரு ராத்திரி போய் விடிகாலை முழிப்பைப் பார்த்துவிட்டு ஷிப்டுக்கு வர முடிந்தால், குழந்தைக்கு உங்களைப் பார்க்காத இடைவெளி பாதியாகும். இந்த ஒரு மாற்றமே நிறையச் செய்யும்.

சேர்த்து வைத்திருக்கும் லீவைப் பெயர் வைக்கிற விசேஷத்துக்குச் செலவழிக்காதீர்கள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ மனைவியும் மகளும் திருப்பூருக்கு வருவார்களே, அந்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு அம்மாயி, அப்புச்சி (அம்மாவின் அப்பா), அந்த வீட்டுச் சத்தம் எல்லாம் ஒரே நாளில் இல்லாமல் போய்விடும், புது இடத்தில் ராத்திரி அழும். மனைவிக்குக் கூட ஆள் இருக்காது. அதற்கு முன்பே உங்கள் அம்மாவிடம் சொல்லி வையுங்கள், தண்ணீர் ஊற்றுவதும் ராத்திரி ஏப்பம் விட வைப்பதும் உங்கள் வேலை என்று. அம்மா வேண்டாம் என்பார், விட்டுக்கொடுக்காதீர்கள். கோபியில் தூளி கட்டிய அதே பழைய சேலையைத் துவைக்காமல் கேட்டு வாங்கி வந்து இங்கேயும் கட்டுங்கள், அந்த வாசனை அவளுக்குத் தெரியும்.